ஆறு பெண் வரிசைக்கு ஓர் ஆண் வரிசை

அந்த வருடம் ஐப்பசியில் என் தையல் கடை பாதி நாள்தான் திறந்திருந்தது. வெலிங்டன் பஜாரில் சின்னக் கடை. ராணுவக் குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை, அவ்வளவுதான் என் வேலை. காலையில் தைத்து முடித்த துணிகளைப் பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்துவிட்டு, குன்னூர் வந்து, கோத்தகிரி பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கிக்கொள்வேன். அங்கிருந்து தேயிலைச் சரிவுக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், அடியில் ஓடையை ஒட்டி ஒரு சமதளம். அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் என் தம்பி மக்காச்சோளம் போட்டிருந்தான்.

தம்பி மலைக்காரன் இல்லை. நானும் இல்லை. எங்களுக்கு உடுமலைப் பக்கம். கல்யாணமாகி நான் இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற டிரையர் பார்க்கிறார். தம்பி ஊரிலேயே இருந்து மக்காச்சோளம் வெள்ளாமை செய்தான். அடுத்தடுத்து இரண்டு போகம் படைப்புழு வந்து குருத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவது தடவை அவன் வயலை உழுது மடக்கிவிட்டு, மனைவியையும் குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மேல ஏதாச்சும் நெலம் கெடைக்குமாக்கா" என்றுதான் முதலில் கேட்டான். சோறு போட்டு வைத்தேன், பாதிதான் சாப்பிட்டான்.

அவன் போட்டது தின்கிற சோளம் இல்லை, விதைச் சோளம். ஒரு விதைக் கம்பெனிக்காக. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

வீரிய ரகம் என்று பாக்கெட்டில் வருகிற விதை, இரண்டு வேறு வேறு ரகங்களைச் சேர்த்து எடுப்பது. ஒரே வயலில் இரண்டையும் வரிசை வரிசையாக விதைப்பார்கள். ஒரு ரகத்துக்குப் பெண் வரிசை என்று பேர், இன்னொன்றுக்கு ஆண் வரிசை. மக்காச்சோளச் செடியின் உச்சியில் வருவது ஆண் பூ. இடையில் வருகிற கதிரின் நுனியில் பட்டுநூல் போலத் தொங்குவது பெண் பூ. எங்கள் ஊரில் அதை மீசை என்போம். பெண் வரிசையில் உச்சிப் பூ விரிவதற்கு முன்பே ஒவ்வொரு செடியிலும் அதைக் கையால் உருவி எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஆண் வரிசையின் மகரந்தம் மட்டும் பறந்து வந்து பெண் வரிசையின் மீசையில் விழும். ஒரு நூலில் மகரந்தம் விழுந்தால் கதிரில் ஒரு மணி. விழவில்லை என்றால் அந்த இடம் பொக்கை. கம்பெனி வாங்குவது பெண் வரிசைக் கதிரை மட்டும்தான். ஆண் வரிசையைப் பூத்து முடிந்ததும் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

பக்கத்தில் வேறு மக்காச்சோளம் இருந்தால் அதன் மகரந்தமும் வந்து கலந்துவிடும். அதனால்தான் சுற்றிலும் தேயிலையும் காடும் இருக்கிற இந்தப் பள்ளத்து நிலத்துக்குக் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

விதைப்பு அன்றைக்கே தகராறு வந்தது. கம்பெனியிலிருந்து வயல் பார்க்க வருகிற பெண், தருமபுரிப் பக்கத்துப் பிள்ளை, ஈரத்தில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்து, பேன்ட் எல்லாம் சேறாக நின்றாள். "நாலு பெண் வரிசைக்கு ஒரு ஆண் வரிசை போடுங்க. பனி ஊரு. எனக்கு நாலுக்கு ரெண்டு போட்டாக்கூட சந்தோசந்தான்" என்றாள்.

தம்பி சிரித்தான். "மேடம், கீழ எங்காளுங்க ஆறுக்கு ஒண்ணு போட்டு நல்லாவே எடுத்திருக்காங்க. நீங்க எடைக்கு எடுத்துக்கறது பெண் வரிசை. அதக் கொறச்சு, வெட்டி எறியறத அதிகமாப் போடச் சொல்றீங்க."

"கீழ காத்து இருக்குங்கண்ணா. தூள் காஞ்சு பறக்கும். இங்க நனைஞ்சா பூவே வெடிக்காது. தூரம் போகாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் அந்தப் பிள்ளை பக்கம் பேசுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பாதி வயல் அவங்க சொல்றபடி, பாதி உன்ற இஷ்டம்" என்றேன். சண்டையை நிறுத்தத்தான் சொன்னேன். அந்தப் பெண் ஓடையைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல வேண்டாம். நான் ஆபீசுல சொல்லிக்கறேன்" என்றாள். பாதைப் பக்கம் நாலுக்கு ஒன்று, ஓடைப் பக்கம் ஆறுக்கு ஒன்று என்று விதைத்தோம்.

பயிர் நன்றாக வந்தது. மலைக் குளிரில் மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனால் படைப்புழு அதிகம் இல்லை. தம்பி முகம் தெளிந்தது. போனில் மனைவியிடம் பேசும்போது குரல் உயர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர்கூட, "உன்ற தம்பி இப்பத்தான் மனுசனாட்டம் சாப்புடறான்" என்றார்.

பூ எடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

உருவுவதற்குத் தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். முதல் இரண்டு நாள் வந்தார்கள், அப்புறம் மழையில் யார் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதையில் மண் சரிந்திருந்தது. அதற்குப் பின் நானும் தம்பியும்தான். காலையில் இருட்டு பிரிந்ததும் தலையில் யூரியா சாக்கைக் குல்லா மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வரிசை. இலை விளிம்பு கழுத்தை அறுக்கும். உச்சிக் குருத்தைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் 'டப்'பென்ற சத்தத்தோடு பூ வரும். ஒரு செடியைத் தப்பவிட்டாலும் அது தன் தூளைத் தானே கொட்டிக்கொள்ளும். தப்புச் செடி அதிகமாக இருந்தால் கம்பெனி மொத்த வயலையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதனால் உருவிய வரிசையிலேயே திரும்பவும் ஒரு தடவை நடப்போம். உருவிய பூக்களைக் கட்டுக் கட்டாக ஓடைக்கரையில் போட்டு வைத்தோம், நிலத்துக்காரர் வீட்டுப் பசுவுக்கு.

அந்த வேலை எப்படியோ முடிந்தது. முடிந்த பிறகுதான் பயமே வந்தது.

பெண் வரிசை எல்லாவற்றிலும் மீசை வெளியே வந்துவிட்டது. ஆண் வரிசையிலும் பூ விரிந்து நின்றது. ஆனால் பனி விலகவில்லை. மழை விட்டாலும் பனி ஓடையிலிருந்து எழுந்து வந்து வயலை மூடிக்கொண்டது. ஆண் பூவைத் தட்டிப் பார்த்தால் உள்ளங்கையில் தண்ணீர்தான் விழுந்தது. மீசைக்கு ஒரு குணம் உண்டு. மகரந்தம் விழுந்துவிட்டால் வளர்வது நின்று சுருங்க ஆரம்பிக்கும். விழாத வரைக்கும் நீண்டுகொண்டே போகும். தினமும் போய்ப் பார்ப்போம். ஒரு விரல் நீளம் இருந்தது கையளவு ஆனது. வெளிர் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் இப்படியே போனால் அது காய்ந்துவிடும், அப்புறம் மகரந்தம் வந்தும் பயனில்லை.

தம்பியிடம் நான் ஏதாவது சொன்னால், "தெரியுதுக்கா" என்பான். ஒரு நாள் அந்தக் கம்பெனிப் பெண் போன் செய்து வெயில் வந்ததா என்று கேட்டாள். அவன் போனை என்னிடம் நீட்டிவிட்டு வரிசைக்குள் போய்விட்டான். "வெயில் வந்தா கயிறு பிடிங்கக்கா" என்றாள் அவள். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையப் பிடிச்சு, ஆண் பூ மேல படற மாதிரி இழுத்துட்டே போங்க. காத்து செய்ய வேண்டியத நாம செய்யணும்."

அடுத்த நாள் நான் கடையைத் திறந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தகரக் கூரையில் வெளிச்சம் அடித்தது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துணி கொடுக்கிற காகிதக் கவர்க் கட்டு கையோடு வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

வயலில் வெயில் இருந்தது. பளிச்சென்ற வெயில் இல்லை. பனிக்கு மேலே எங்கேயோ இருக்கிற வெயில். ஆனால் இலைகள் காய்ந்திருந்தன. தம்பி ஒரு ஆண் பூவைச் சுண்டினான். மஞ்சள் தூள் புகை மாதிரி பறந்தது. அவன் கண் நிறைந்துவிட்டதைப் பார்க்காத மாதிரி நான் கயிற்றைப் பிரித்தேன்.

"எந்தப் பக்கம் மொதல்ல?" என்றேன்.

"ஓடப் பக்கம். அங்கதான் தூள் பத்தாது."

அது சரிதான். நாலுக்கு ஒன்று போட்ட பக்கத்தில் எந்தப் பெண் வரிசைக்கும் ஆண் வரிசை கிட்டத்திலேயே இருந்தது. அவன் போட்ட பக்கத்தில் நடு வரிசைகள் இரண்டு பக்கத்து ஆண் வரிசைக்கும் தள்ளி நின்றன. கயிற்றை வயலுக்குக் குறுக்கே பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, இருவரும் அடிக்கு அடி ஒன்றாக நடந்தோம். கயிறு ஆண் வரிசையின் உச்சியில் உரசும்போதெல்லாம் தூள் எழும்பி இரண்டு பக்கமும் சாய்ந்தது. முதல் ஆண் வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பாதி போயிருப்போம். கீழே பனி திரும்ப எழ ஆரம்பித்திருந்தது.

முன்னால் சோளத்தட்டை முறிகிற சத்தம் கேட்டது. தம்பிதான் காலை வைத்துவிட்டானோ என்று திரும்பினேன். அவன் கயிற்று முனையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவன் பார்த்த பக்கம் பார்த்தேன். ஆண் வரிசையின் கீழ்க்கோடியில் ஒரு பாறை இருந்தது. அந்த இடத்தில் பாறை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அது தலையைத் தூக்கியது. ஒற்றைக் காட்டெருமை. குன்னூரில் இருக்கிறவர்களுக்குக் காட்டெருமை புதிதில்லை. ரோட்டில் நிற்கும், வீட்டுப் பின்பக்கம் வரும், பஸ் நின்று வழிவிடும். ஆனால் அதெல்லாம் வெட்டவெளியில். ஆளுயரப் பயிருக்குள், இவ்வளவு கிட்டத்தில், கூட்டத்தை விட்டுத் தனியாக வந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. வாயிலிருந்து ஒரு தட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"கயித்தப் போட்டுட்டுப் பின்னால வா" என்றேன், மெல்ல.

"அது ஆண் வரிசையிலயே மேயுதுக்கா."

"மேயட்டும். வா."

"இந்த ஒரு வரிசதான் ரெண்டு பக்கமும் மூணு மூணு வரிசைக்கும். இத விட்டா ஒண்ணுமில்ல."

விரட்டவும் முடியாது. சத்தம் போட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும். வந்த வழியே, அந்த வரிசையோடேயே ஓடினால் மிச்சமிருப்பதும் போகும். பாதைப் பக்கமாக இருந்தால் ஒரு வரிசை போனாலும் அடுத்த ஆண் வரிசை தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க ஆள் இல்லை. இதையெல்லாம் அவன் ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறான். என் தலைக்குள் இருந்தது ஊரில் இருக்கிற அம்மா மட்டும்தான். போனில் என்ன சொல்லுவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி கயிற்று முனையை ஒரு தட்டையில் சுற்றிவிட்டு, பெண் வரிசைகளுக்குள் குனிந்து ஓடைப் பக்கம் போனான். அவன் கரையில் கிடந்த பூக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது இலை அசைவில் தெரிந்தது. மாட்டுக்குத் தீனி காட்டிக் கூப்பிடுவது மாதிரி அதை வெளியே இழுக்கப் பார்க்கிறான் என்று புரிந்தது. வீட்டு மாடு என்று நினைத்துவிட்டானா என்றிருந்தது.

பூக்கட்டை வரிசைக்கு வெளியே, அதன் கண்ணில் படுகிற மாதிரி எறிந்தான். காட்டெருமை கட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. தலையைத் தாழ்த்தி, அவன் பக்கம் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. அவன் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை, பின்னால் ஓடைப் பள்ளம்.

நான் கயிற்றை இழுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கையில் இருந்தது அது ஒன்றுதான். இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் வெட்டி வெட்டி இழுத்தேன். வயலுக்குக் குறுக்கே அத்தனை செடியும் ஒரே நேரத்தில் சலசலவென்று ஆடியது, மஞ்சள் தூள் கொட்டியது. என் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமே வருகிறது என்று அது நினைத்திருக்க வேண்டும். உடம்பை அப்படியே திருப்பி, ஆண் வரிசையின் கீழ்ப்பாதியை மிதித்து, பெண் வரிசைகளுக்குக் குறுக்காகப் பாய்ந்து, கரையேறிக் காட்டுக்குள் போனது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டைகள் முறிந்து விழுந்துகொண்டிருந்தன.

தம்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் முதலில் கேட்டது, "ஏன்கா ஆட்டுன? அது மெதுவா அப்படியே வெளிய போயிருக்கும்" என்றுதான்.

"போயிருக்கும். உன்னையும் எடுத்துட்டுப் போயிருக்கும்."

"வரிசையே போச்சு."

"போகட்டும். எனக்கு உன்ற வரிசை வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "உன்ற பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்றது? சோளம் நல்லா வெளஞ்சுதுன்னா?"

அவன் அப்படியே, விழுந்து கிடந்த ஆண் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். அந்த நேரத்தில்தான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "ஒண்ணுமில்ல, சும்மாதான் இருக்கறன். வெயிலு வந்திருக்குது" என்றான். அவன் மனைவிதான். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

பேசி முடித்ததும் ஒடிந்த பூ ஒன்றைத் தூக்கி உதறினான். இன்னும் தூள் இருந்தது. என்னைப் பார்த்தான். நான் பையிலிருந்து காகிதக் கவர்களை எடுத்தேன். விழுந்த பூக்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவருக்குள் விட்டு உதறி, சேர்ந்த தூளைப் பக்கத்துப் பெண் வரிசைகளின் மீசையில் கையால் தூவிக்கொண்டே போனோம். அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நடு வரிசைகளுக்குப் போவதற்குள் கவரில் தூள் தீர்ந்தது. பனியும் மேலே வந்து மூடிக்கொண்டது. பாதைப் பக்கத்து நாலு வரிசை வயலுக்குக் கயிறு பிடிக்கவே முடியவில்லை.

அதன் பிறகு இடையிடையே கொஞ்சம் வெயில் வந்தது. வந்தபோதெல்லாம் தம்பி ஓடைப் பக்கத்தில் மட்டும் ஒரு முனையைத் தட்டையில் கட்டி, மறு முனையைத் தானே இழுத்துக்கொண்டு சமாளித்தான். நான் கடைக்குப் போனேன். கோபம் என்று சொல்ல முடியாது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓடைப் பள்ளம் கண்ணில் வந்தது.

மணி பிடிக்கிற பருவத்தில் கம்பெனிப் பெண் வந்தாள். தோகையைப் பிரிக்காமலேயே கட்டை விரலால் கதிரை அழுத்திப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். மணி இருக்கிற இடம் கெட்டியாக இருக்கும், இல்லாத இடம் அமுங்கும். பாதைப் பக்கம் நடந்தபோது அவள் விரல் எங்கேயும் நிற்கவில்லை. ஓடைப் பக்கம் போனதும் நின்று நின்று போனது. தம்பி அவளுக்குப் பின்னாலேயே நடந்தான். அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழுசா காயட்டுங்கண்ணா. அப்புறம் பேசலாம்" என்றாள்.

அறுவடையில் தம்பி ஒரு வேலை செய்தான். நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஓடைப் பக்கத்துக் கதிர்களை ஒரே குவியலாகப் போடாமல், ஆண் வரிசையை ஒட்டியது, அதற்கு அடுத்தது, நடுவில் இருந்தது என்று தனித்தனியாகக் குவித்தான். ஃபேக்டரியில் வாரவிடுமுறை, என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். மூவரும் தார்ப்பாயில் உட்கார்ந்து தோகை உரித்தோம். ஒட்டி நின்ற வரிசைக் கதிர்கள் அடி முதல் நுனி வரை நிறைந்திருந்தன. அடுத்தவற்றில் அங்கங்கே இடைவெளி. நடு வரிசைக் கதிர்களை உரித்தபோது பலவற்றில் மணிகள் கைப்பிடியளவுகூட இல்லை. காட்டெருமை மிதித்த வரிசைக்குப் பக்கத்தில் நாங்கள் கையால் தூவிய கதிர்கள் வேறு மாதிரி: ஒரு பக்கம் மட்டும் வரிசையாக மணி, மறுபக்கம் வழுவழுவென்று சக்கை. நாங்கள் எந்தப் பக்கம் நின்று தூவினோம் என்பதுகூடத் தெரிந்தது.

எடை போட்டபோது, பெண் வரிசை குறைவாக இருந்த பாதைப் பக்கம்தான் கூட வந்தது. கயிறே பிடிக்காத பக்கம் அது. வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை.

"மாடு வராம இருந்திருந்தா?" என்றார் என் வீட்டுக்காரர், ஆறுதலாக.

தம்பி தலையை ஆட்டினான். "மாடு மிதிச்சது ஒரு வரிச, மச்சான். மத்த இடத்துல எதுவும் மிதிக்கல. அங்கயும் நடுவுல பொக்கதான்." ஒரு கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கீழ இதே ஆறு வரிச சரியா வருமுங்க. நான் பொய் சொல்லல. அங்க மத்தியானம் ஆனா காத்து அடிக்கும். இங்க காத்து வரும்போது தண்ணியத்தான் கொண்டு வருது."

"அந்தப் புள்ள சொன்னுச்சு" என்றேன்.

"சொன்னுச்சு." கையிலிருந்த கதிரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரே போகத்துல எந்திரிச்சுரோணும்னு இருந்துச்சுக்கா. ஒரு வரிச வெட்டி எறியறதுக்குப் போடறதே எனக்குப் பொறுக்கல" என்றான்.

நான் அவனைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உரித்த கதிர்களைச் சாக்கில் அள்ளிப் போட்டேன்.

கம்பெனி விதையை எடுத்துக்கொண்டது. தப்புச் செடி இல்லை என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாளாம். அது எங்கள் இருவர் கையாலும் உருவியதற்குக் கிடைத்தது. முளைப்பு நன்றாக இருக்கிறது என்று அவள் பிறகு போனில் சொன்ன செய்தியைத் தம்பி என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த போகத்துக்கும் நான் கடையை மூடிவிட்டு வர வேண்டியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குக் குன்னூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். தம்பி இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டு, நிலத்துக்காரரிடம் இன்னொரு வருடம் கேட்டிருப்பதாகவும், வயல் முழுக்க நாலுக்கு ஒன்றுதான் என்றும், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாட்டுக்கு?" என்றேன்.

"சோலார் வேலி போடலாம்னு இருக்கறன்" என்றான். "அது போடற வரைக்கும் பூ நேரத்துல நீ வயலுக்கு வராத."

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.